தச்சர் நாகஷிமாவின் கலைக்கூடமும் அதன் கூரையும்

பெருந்தொழிலாளர் இயற்றிய பொருள்களைப் போற்றுவோர் பலர். அப்பொருள்கள் பிறந்த பட்டறையைப் போற்றுவோர் மிகச் சிலர். வீதியில் அசைந்து வரும் தேரைக் கண்டு வியக்கும் ஊரார், அத்தேர் செதுக்கப்பட்ட கொட்டகை எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. தொழிலாளி மறைந்த சில ஆண்டுகளில் பட்டறையின் ஓடு சரிகிறது, மழைநீர் உள்ளே இறங்குகிறது, உத்தரம் உளுத்துப்போகிறது, பின்னர் இடம் விலைக்குப் போகிறது, கருவிகள் பழைய இரும்புக் கடையைச் சேர்கின்றன. இவ்வாறு ஒரு தலைமுறையின் தொழிலறிவு சுவடின்றி அழிந்துபோவதை நாம் பல ஊர்களிலும் கண்டுவருகிறோம்.

இதற்கு மாறாக, ஒரு தச்சருடைய கலைக்கூடம் அவர் காலஞ்சென்ற பின்னரும் தொழில் நடக்கும் இடமாகவே நிலைபெற்று, ஒரு பெருந்தேசத்தாரால் வரலாற்றுச் சின்னமாக மதிக்கப்பெற்ற செய்தி ஒன்று உண்டு. அத்தச்சர் அமெரிக்காவிற் பிறந்த ஜப்பானிய மரபினர். ஆயினும் அவர் நமது புதுச்சேரியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, அங்கே ஒரு பெருங்கட்டடம் எழுவதற்குக் காரணராயிருந்தவர்; தாம் கையாண்ட தொழிலின் உட்பொருளை அங்கேயே உணர்ந்தவர். ஆதலின் அவர் வரலாறு நமக்கு முற்றிலும் அயலாருடைய வரலாறு அன்று. அவர் எழுப்பிய கூரைகளையும், அக்கூரைகளினின்று மழைநீரை விலக்குவதற்கு நேர்ந்த பாட்டையும் நம் சங்கத்து அன்பர்கள் அறிந்துகொள்வது பயனுடையது என்று கருதி இதனை எழுதலானோம்.

பிறப்பும் பயிற்சியும்

ஜார்ஜ் நாகஷிமா என்னும் இப்பெரியார் 1905-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் தேதி, ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்திலுள்ள ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்து குடியேறியவர்கள். இளமையில் மலைகளிலும் காடுகளிலும் திரிந்து மரங்களோடு பழகிய அவர், அம்மாகாணத்துச் சர்வகலாசாலையில் முதலில் வனவியல் பயிலப் புகுந்தார்; பின்னர்க் கட்டடக் கலைக்கு மாறினார். மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் அக்கலையில் மேற்பட்டமும் பெற்றார். அதன்பின் பாரிஸ் நகரிற் சிலகாலம் தங்கிவிட்டு, முன்னோர் நாடாகிய ஜப்பானை அடைந்து, 1934-இல் டோக்கியோவில் ஆன்டொனின் ரேமண்ட் என்பவருடைய காரியாலயத்திற் சேர்ந்தார். ரேமண்ட் பொஹீமியா நாட்டிற் பிறந்தவர். புகழ்பெற்ற அமெரிக்கச் சிற்பாசிரியர் பிராங்க் லாயிட் ரைட்டுக்கு உதவியாளராய் ஜப்பானுக்கு வந்து, பிறகு தனியே தொழில் நடத்தியவர். பழைய ஜப்பானியத் தச்சர்களின் நேர்த்தியையும் புதிய காங்கிரீட்டின் வலிமையையும் ஒருங்கே கையாள வல்லவர். அவரிடம் பெற்ற பயிற்சியே நாகஷிமாவைப் புதுவைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

புதுவையில் எழுந்த கட்டடம்

ஸ்ரீ அரவிந்தாசிரமத்தைச் சேர்ந்த சாதகர்கள் தங்குவதற்கு ஒரு விடுதி அமைக்க வேண்டுமென்று ஸ்ரீ அன்னை விரும்பினார். ஹைதராபாத் சமஸ்தானத்தின் பிரதம மந்திரியாயிருந்த ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் நிஜாம் அரசாங்கத்தினின்று பெருந்தொகை கிடைத்தது. அந்நாட்டின் வைரச் சுரங்கங்களுக்குப் பெயர்போன கோல்கொண்டாவை நினைவூட்டும்படி விடுதிக்குக் ‘கோல்கொண்ட்’ என்று பெயர் சூட்டினர். கட்டடத்தை வரைந்து அமைக்கும் பொறுப்பு ரேமண்டிடம் வந்தது. அவருடைய பிரதிநிதியாய் நாகஷிமா 1937-இல் புதுவை வந்து, அவ்வாண்டே தொடங்கிய வேலையை மேற்பார்த்தார். செக் நாட்டவராகிய பிரான்டிஷெக் ஸாம்மரும் இப்பணியில் உழைத்தார். இரண்டாம் உலகப் போரின் இடையூறுகளைக் கடந்து 1940-களில் அவ்விடுதி நிறைவெய்திற்று. இந்தியாவில் இரும்புக் கம்பி இட்டு வார்த்த காங்கிரீட்டால் நவீன முறையில் எழுந்த முதற் கட்டடங்களுள் அதனை ஒன்றாக அறிஞர் மதிக்கின்றனர்.

கட்டடம் முழுவதையும் ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை; அதன் கூரை ஒன்றை மட்டும் கவனிப்போம். மேல்மாடித் தளத்தின்மீது வெயிலும் மழையும் நேரே விழாதபடி, வளைந்த காங்கிரீட் ஓடுகளைத் தனியே வார்த்து, தளத்துக்கும் ஓடுகளுக்கும் நடுவே காற்று உலாவுமாறு இடைவெளி விட்டு அமைத்தனர். மழை முதலில் ஓட்டின்மேல் விழுந்து வழிந்தோடிவிடும். வெயிலின் சூட்டைக் காற்று வாங்கிச் சென்றுவிடும். அடியிலுள்ள தளம் குளிர்ந்தும் உலர்ந்தும் இருக்கும். தலைப்பாகை அணிந்தவன்மேல் குடையும் பிடித்தாற்போன்றது இவ்வேற்பாடு. சுவர்களின் இடமாகவோ, மேலும் கீழுமாகத் திருப்பத்தக்க குறுக்குப் பலகைகளை வரிசையாகப் பொருத்தினர். காற்று வேண்டுமானால் திறக்கலாம். சாரல் அடித்தால் சாய்க்கலாம். புதுவையின் கோடையையும் ஐப்பசி கார்த்திகை மழையையும் உணர்ந்தவர்களே இவ்வாறு அமைக்க இயலும்.

கட்டடத்தின் பெரும்பகுதி வேலையை ஆசிரமத்துச் சாதகர்களும் சுற்றுப்புறத்துத் தொழிலாளர்களும் கையாலேயே செய்து முடித்தனர். நாகஷிமா தமக்குரிய ஊதியத்தை வேண்டாது, தாமும் ஒரு சாதகராகவே அவர்களோடு கலந்துவிட்டார். ஸ்ரீ அரவிந்தர் அவருக்குச் ‘சுந்தரானந்தா’ என்று பெயரிட்டார். அழகில் ஆனந்தம் காண்பவர் என்பது அதன் பொருள். அவ்விடுதிக்கென்று அவர் தேக்கினால் மரச்சாமான்களையும் வகுத்தார். தொழில் என்பது வயிற்றுப்பாட்டுக்கு மட்டும் உரியதன்று, அதுவே ஒரு வழிபாடு என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது இங்கேதான். 1939-இல் போர்மேகம் சூழவே, அவர் புதுவையை விட்டுப் புறப்பட்டார்.

முள்வேலிக்குள் ஓர் ஆசான்

அமெரிக்கா திரும்பி, 1941-இல் மேரியன் ஒகஜிமா என்னும் அம்மையாரை மணந்து, சியாட்டில் நகரில் மரச்சாமான் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அவ்வாண்டு இறுதியில் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. 1942-இல் அமெரிக்க அரசாங்கம், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய மரபினர் ஏறக்குறைய 1,20,000 பேரை வீடுவாசலினின்று பெயர்த்துக் காவல் முகாம்களில் அடைத்தது. அவர்களிற் பெரும்பாலோர் அந்நாட்டிலேயே பிறந்த பிரஜைகள். குற்றம் விசாரிக்கப்படவும் இல்லை, நிரூபிக்கப்படவும் இல்லை. அமெரிக்க அரசாங்கமே 1988-இல் இது பிழையென்று ஒப்பி மன்னிப்புக் கேட்டது. நாகஷிமாவும் அவர் மனைவியும் 1942-இலேயே பிறந்த மீரா என்னும் பெண்மகவும் ஐடஹோ மாகாணத்து மினிடோக்கா முகாமுக்கு அனுப்பப்பட்டனர்.

அத்துன்பத்தினூடே ஒரு பேறும் வாய்த்தது. ஜப்பானில் முறையாகப் பயின்ற கெண்டாரோ ஹிகோகாவா என்னும் தச்சர் அதே முகாமில் இருந்தார். கட்டடக் கலையில் மேற்பட்டம் பெற்ற நாகஷிமா, அவரிடம் மாணாக்கராய் அமர்ந்து, உளி பிடிப்பதும் இழைப்பதும் கழுந்தும் துளையும் இசையப் பொருத்துவதும் கற்றார். கிடைத்தவை கழிவுப் பலகைகளும் பாலைநிலத்துக் கட்டைகளுமே. படிப்பினால் வந்த செருக்கு சிறிதேனும் இருந்திருப்பின் இக்கல்வி அவருக்குக் கைகூடியிராது. குருவினிடம் கைத்தொழிலைக் கண்டு பயிலும் முறை நம்மவர்க்குப் புதியதன்று. பட்டம் பெற்ற ஒருவர் அதனை நாடிச் சென்றதே ஈண்டுக் கருதத்தக்கது.

1943-இல் பழைய தலைவராகிய ரேமண்டு தாமே பிணைநின்று அக்குடும்பத்தை விடுவித்து, பென்சில்வேனியா மாகாணத்து நியூ ஹோப் என்னும் ஊரிலுள்ள தமது பண்ணைக்கு வரவழைத்தார். அங்கே நாகஷிமா சிறிது காலம் பண்ணை வேலை செய்தார். பின்னர் அண்டையில் 3 ஏக்கர் நிலத்தைத் தம் உழைப்பையே விலையாகக் கொடுத்துப் பெற்றார். முதலிற் கூடாரத்திலே குடியிருந்துகொண்டு, 1946 முதல் பட்டறையும் வீடுமாகத் தம் கையாலேயே எழுப்பத் தொடங்கினார்.

கூடங்கள் எழுந்தமை

அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்நிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கட்டடங்கள் தோன்றின: பட்டறை, மரக்கிடங்கு, நாற்காலி செய்யும் கூடம், காட்சிக்கூடம், விருந்தினர் இல்லம் என்பன அவை. மரக்கிடங்கே அவருடைய பொக்கிஷம். அடிமரத்தை வாளால் அறுத்து, அறுத்த பலகைகளை மரத்தில் இருந்த வரிசையிலேயே அடுக்கி, ஆண்டுக்கணக்காகக் காற்றில் உலரவிடுவார். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு உலர வேண்டுமென்பது மேனாட்டுத் தச்சர் வழக்கு. அவர் பலகையின் விளிம்பை நேராகச் சீவுவதில்லை. மரம் வளர்ந்த இயல்பான வளைவோடு விட்டுவிடுவார். பலகையில் வெடிப்பு இருந்தால், அதனை மெழுகால் மறைக்காமல், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி போன்ற வடிவிலே கெட்டியான கட்டையைச் செதுக்கி, வெடிப்பின் குறுக்கே குடைந்து பதித்துப் பிணைப்பார். பழுது கண்ணுக்குத் தெரியும். ஆனால் மேலும் பரவாது. இக்கொள்கையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. கூரையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் பயன்படும்.

அவர் எழுப்பிய கூடங்களுள் இரண்டு மிக்க புகழ்வாய்ந்தவை. முதலாவது, 1950-களின் இறுதியில் எழுந்த ‘கோனாய்டு’ கூடம். இதன் கூரை சங்கின் ஓடுபோல் மெல்லிய காங்கிரீட் வார்ப்பு. முன்புறத்தில் அலையலையாக நெளிந்து, பின்புறம் செல்லச் செல்ல நெளிவு தணிந்து நேராகிவிடும். கனம் ஏறக்குறைய 2½ அங்குலம். நடுவே ஒரு தூணும் இன்றி 40 அடி அகலத்தை அது கவித்து நிற்கிறது. ஒரு காகிதத்தை விரித்தபடி நீட்டினால் துவளும். அதனையே மடித்து நெளித்தால் நிமிர்ந்து நிற்கும். அவ்வுபாயமே இக்கூரையின் வலிமை. அவருடைய பெயர்பெற்ற நாற்காலி வகையொன்று இக்கூடத்தின் பெயராலேயே வழங்குகிறது.

இரண்டாவது, 1967-இல் முடிவுற்ற கலைமண்டபம். தம் நண்பரும் பெயர்பெற்ற ஓவியருமாகிய பென் ஷான் என்பவரின் சித்திரங்களைக் காட்சிக்கு வைக்கும் பொருட்டு இதனை எழுப்பினார். இதன் கூரை மரத்தாலானது: ஒட்டுப்பலகைகளை அடுக்கி, குதிரைச் சேணம்போல ஒரு திசையில் மேல்நோக்கியும் மறுதிசையில் கீழ்நோக்கியும் வளையுமாறு இழைத்தது. எதிரெதிர் மூலைகள் இரண்டு வானை நோக்கி எழும். மற்றை இரண்டும் நிலத்தை நோக்கித் தாழும். வெளிச்சுவரில் ஷான் வரைந்த சித்திரமொன்று சிறுகற் பதிப்பாகத் திகழ்கிறது.

நீர் செல்லும் வழி

இத்தகைய கூரைகள் கண்ணுக்கு இனியவை, நீருக்கு எளியவை. கட்டுகின்ற காலத்தில் ஒருவரும் எண்ணாத இடர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்துத் தலைகாட்டும். அவற்றின் காரணங்களை நாம் தெளிவாக அறிதல் வேண்டும்.

மெல்லிய காங்கிரீட் கூரை பகலில் வெயிலால் விரியும், இரவில் சுருங்கும். நாள்தோறும் நிகழும் இவ்வசைவினால் மயிர்க்கோடு போன்ற வெடிப்புக்கள் தோன்றும். நெளிவின் பள்ளங்களில் சருகுகள் தங்கும்; சருகில் ஈரம் தங்கும். பென்சில்வேனியாவில் குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். உறையும்போது அது நூற்றுக்கு 9 பங்கு பருக்கும். வெடிப்புக்குள் நின்ற நீர் உறைந்தால் ஆப்பு வைத்ததுபோல் வெடிப்பைப் பிளந்துவிடும். நீர் மேலும் இறங்கி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் தொட்டால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கொள்ளுமாதலால் காங்கிரீட் உதிர்ந்துபோகும். புதுவையில் பனிக்கட்டி இல்லை. ஆயினும் கடற்காற்றின் உப்பு அதே கேட்டை வேறு வழியாற் செய்கிறது.

மரக்கூரையின் இடர் வேறு. ஒட்டுப்பலகை என்பது மெல்லிய ஏடுகளைப் பசையால் ஒட்டி அமைப்பது. ஆணித்துளை வழியாகவோ விளிம்பின் வழியாகவோ நீர் நுழைந்தால் ஏடுகள் ஒன்றைவிட்டொன்று பிரியும். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஏறி நெடுநாள் நின்றால் பூஞ்சணம் பற்றி உள்ளே அரித்துவிடும். மேலே வர்ணம் பளபளக்க, உள்ளே மரம் பொடியாகும். சேணக் கூரையின்மேல் விழும் மழை முழுவதும் தாழ்ந்த இரு மூலைகளை நோக்கியே விரையும். கூரையின் பாரம் இறங்குவதும் அம்மூலைகளிலேதான். பாரம் மிகுந்த இடத்திலேயே ஈரமும் மிகுவது எத்துணை ஆபத்தென்பதைத் தச்சர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

மூன்றாவதாக, நீர் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. பெரிய கண்ணாடிச் சுவர்களையுடைய கூடத்தில், குளிர்காலத்து இரவில் உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஆவி கண்ணாடியிற் பட்டுத் துளித்து, அடிச்சட்டத்தில் வழிந்து அதனை நனைக்கும். கூரையைப் பழுது பார்ப்பதற்கு முன் இவற்றையெல்லாம் பிரித்தறிய வேண்டும். நீர் புகுமிடம் ஒன்று. அது சொட்டுமிடம் வேறொன்று. புகுந்த நீர் உத்தரத்தின் வழியே நெடுந்தூரம் ஊர்ந்து, ஏதேனும் ஒரு கணுவை அடைந்து அங்கே சொட்டும். சொட்டுமிடத்திற்கு நேரே மேலே பூசிவிட்டு வேலை முடிந்ததென்று இறங்கிவிடுபவர் அடுத்த மழையில் மீண்டும் ஏற வேண்டியவரே.

காத்தோரும் காத்த முறையும்

நாகஷிமா 1990-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15-ஆம் தேதி இயற்கை எய்தினார். அதற்குமுன் நடந்த ஒரு செய்தி, பட்டறை நிலைத்திருப்பதன் பயனை நன்கு விளக்கும். 1989-இல், அவர் செய்த சாமான்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றைத் தம் இல்லத்தில் சேர்த்து வைத்திருந்த ஒரு குடும்பத்தார், தீ விபத்தில் அவை யாவற்றையும் இழந்தனர். முதுமையில் இருந்த நாகஷிமா அவற்றை மீண்டும் செய்து தருவதாக ஏற்றார். அவர் மறைந்த பின் மகள் மீரா பட்டறையாரைக் கொண்டு அவ்வேலையை நிறைவேற்றினார். வரைபடங்கள் நனையாமல் இருந்தமையாலும், கிடங்கில் உலர்ந்த மரம் இருந்தமையாலும், தந்தையின் கைப்பழக்கம் அறிந்த தொழிலாளர் அங்கேயே இருந்தமையாலும் அது கைகூடியது. ஒழுகும் கூரையின்கீழ் இம்மூன்றும் எஞ்சியிரா.

மீரா அம்மையார் ஹார்வர்டு சர்வகலாசாலையிலும் டோக்கியோவின் வசேடா சர்வகலாசாலையிலும் கட்டடக் கலை பயின்றவர். 1970-இல் தந்தையிடம் வேலைக்கு அமர்ந்து, அவருக்குப் பின் பட்டறையின் தலைமையை ஏற்று நடத்தினார். அக்கூடங்களின் தொகுதி 2008-இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் பட்டியலில் ஏறிற்று. 2014-இல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்னும் உயர்ந்த மதிப்பைப் பெற்றது. உலகச் சின்னங்கள் நிதியம் 2014-ஆம் ஆண்டுக்குரிய கவனிப்பு வேண்டிய இடங்களின் வரிசையில் அதனைச் சேர்த்து உலகத்தார்க்கு அறிவித்தது. நவீன காலக் கட்டடங்களைக் காப்பதற்கென்று கெட்டி அறநிலையம் 2014-இல் தொடங்கிய திட்டத்தினின்று கலைமண்டபத்துக்குப் பொருளுதவி கிடைத்தது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து வல்லுநர்கள் அதனைக் கொண்டு பாதுகாப்புத் திட்டம் ஒன்றை வகுத்தனர்.

ஈண்டு நாம் உற்று நோக்க வேண்டுவது ஒன்று. கிடைத்த பணத்தை முதலிற் செலவிட்டது தாரிலோ தகரத்திலோ அன்று. கட்டடத்தை அளந்து, ஆராய்ந்து, எழுதிவைப்பதில். இவ்வகைப் பாதுகாப்பு வேலைக்கு இன்று அறிஞர் ஒப்பிய முறை யாதெனின்: முதலில் அளவும் படமும், பிறகு ஈரம் எங்கே எவ்வளவு என்னும் சோதனை, அதன்பின் அழுகிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, அதே இனத்து மரத்தால் ஒட்டுப்போடுதல், புதிய பூச்சு எதுவாயினும் பிற்காலத்தில் வேண்டாமெனின் கீழுள்ளதைக் கெடுக்காமல் நீக்கத்தக்கதாக இருத்தல், உள்ளே புகுந்த ஈரம் வெளியேறக் காற்றுவழி விடுதல் என்பனவாம். ஈரமான மரத்தின்மேல் நீர்புகாப் பூச்சைப் பூசுவது, நோயை உள்ளே வைத்துப் புண்ணை மூடுவதாகும். மேலும், கூரை வழியும் என்பதற்காக அச்சேணக் கூரையை எடுத்துவிட்டுச் சாதாரணச் சாய்ப்பு இறக்கியிருந்தால் மழை நின்றிருக்கும். ஆனால் நாகஷிமாவின் மண்டபம் அங்கே இராது. உருவத்தையும் காத்து நீரையும் விலக்குவதே இத்தொழிலின் அருமை. வெடித்த பலகையை எறியாமல் பிணைத்துப் போற்றிய அவ்வாசிரியரின் கொள்கையே, அவர் கட்டடத்தைப் பழுதுபார்ப்போர்க்கும் ஏற்ற கொள்கையாயிற்று.

புதுவையோடு அவர்க்கிருந்த தொடர்பும் அற்றுப்போகவில்லை. உலகின் ஒவ்வொரு கண்டத்திலும் அமைதிக்கென ஒரு பெருமேடை வைக்க வேண்டுமென்று அவர் ஆசைப்பட்டார். பெரியதோர் அக்ரோட்டு மரத்தினின்று செய்த முதல் மேடை, 1986-இல் நியூயார்க் நகரத்துப் பேராலயம் ஒன்றில் நிறுவப்பெற்றது. ஆசியாவுக்கென்று செய்த மேடை, அவர் மறைந்து ஆறு ஆண்டுகளுக்குப்பின், 1996-இல் புதுவையின் அருகிலுள்ள ஆரோவில்லுக்கு வந்து சேர்ந்தது. சுந்தரானந்தா என்னும் பெயரைப் பெற்ற நிலத்துக்கே அவர் கூடத்தின் மரம் திரும்பி வந்தது.

நமக்கு உரியது

இனி, இவ்வரலாற்றினின்று நாம் கொள்ளத்தக்கவை சில உள. நம் முன்னோரும் கூரையின் அருமை அறியாதவரல்லர். பழைய மெத்தை வீடுகளில் மரச்சட்டங்களின்மேல் மெல்லிய செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பும் செங்கற்சல்லியும் கலந்து பரப்பி, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பல நாள் கட்டையால் தட்டி இறுக்கி, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். சுண்ணாம்பு சிறிது அசைந்து கொடுக்கும். ஈரத்தை உள்ளே அடைத்துவைக்காமல் மூச்சுவிடும். இத்தகைய தளம் ஒழுகத் தொடங்கியதும் அதன்மேல் சிமெண்டைக் கனமாகப் பூசிவிடுவது இக்காலத்து வழக்கம். சிமெண்டு இறுகி வெடிக்கிறது; வெடிப்பில் இறங்கிய நீர் மேலே வரமாட்டாமல் மரச்சட்டத்தை நனைக்கிறது; சில ஆண்டுகளில் வீடே இடிக்க வேண்டியதென்று தீர்ப்பாகிவிடுகிறது. பழையதைப் பழைய முறையறிந்தவர் கையாற் பழுதுபார்ப்பதே சிக்கனமும் ஆகும்.

ஆகவே நம் அன்பர்கள் தத்தம் ஊரிலுள்ள பழைய பட்டறைகள், தேர்க்கொட்டகைகள், வார்ப்புக்கூடங்கள் ஆகியவற்றின்பால் கண் வைத்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவது, ஆண்டுதோறும் புரட்டாசி மாதத்திற்குள் கூரைமேல் ஏறி, சருகை நீக்கி, நீர்த்தாரைகளைத் திறந்து, உடைந்த ஓட்டை மாற்றுதல். இரண்டாவது, சுவரடியில் மண் ஏறி ஈரம் தங்காமல் வாட்டம் கொடுத்தல். மூன்றாவது, ஒழுகினால் உள்ளே நின்று பார்த்துத் தீர்மானியாமல், மழை பெய்யும்போதே நீரின் வழியைத் தொடர்ந்து சென்று மூலத்தைக் காணுதல். நான்காவது, பெரியோர்கள் வைத்திருக்கும் வரைபடங்களையும் அளவு ஏடுகளையும் அச்சுக்களையும் ஈரம் படாத பெட்டியில் வைத்து, படமெடுத்துப் பிரதியும் வைத்துக்கொள்ளுதல். ஐந்தாவது, அப்பட்டறையில் யார் என்ன செய்தார்கள் என்பதை, அறிந்த முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைத்தல்.

இவற்றுள் ஐந்தாவதே மிக அவசரமானது. ஓட்டை அடுத்த ஆண்டும் மாற்றலாம். முதியோர் நினைவை அவ்வாறு ஒத்திவைக்க இயலாது. நியூ ஹோப்பிலுள்ள கூடங்கள் நிலைத்தமைக்குச் சின்னம் என்னும் பட்டயம் மட்டும் காரணமன்று. பட்டயம் வருவதற்கு முன்னரே இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மகள் அங்கே நாள்தோறும் கதவைத் திறந்து தொழில் நடத்திக்கொண்டிருந்தார். வேலை நடக்கும் கூடத்தில் ஒழுக்கு உடனே கண்ணிற்படும்; பூட்டிய கூடத்தில் அது இடிந்த பின்னரே தெரியும். ஆதலின் பழைய பட்டறையைக் காப்பதற்குரிய சிறந்த வழி, அதிலே இளைஞர்க்குத் தொழில் கற்பித்து உளியோசை அடங்காமற் செய்வதேயாகும். அவ்வாறு நடைபெறும் பட்டறைகள் தங்கள் ஊரில் இருப்பின், அவற்றின் வரலாற்றை எழுதி அனுப்புமாறு அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம். வருபவை இப்பத்திரிகையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும்.